முதலில் கை, பிறகு கண்

(காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்து ஒருவர் பேசுவது நேற்று வந்த வழக்கம் அல்ல. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட கூரம் செப்பேடு, இங்கே எழுப்பிய சிவன் கோயிலுக்கு விட்ட கொடையைச் சொல்கிறது. பூசைக்கு, விளக்குக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் சேர்த்தே அதில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து அதே ஊரில் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ரத்த ஸ்மியர். பாரதத்திலும் ரத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே அடியோடு பொருந்தாத தலைப்பு என்று சொல்லிவிட முடியாது.

இது வைணவ ஆசாரியர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரும்கூட. சோழன் அவையில் கண்ணை இழந்தவர். பிற்பாடு காஞ்சி வரதரிடம் வரம் கேட்கும் நேரம் வந்தபோது தம் கண்ணைக் கேட்காமல், தம் கண் போகக் காரணமாக இருந்த நாலூரானுக்காக வேண்டிக்கொண்டார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அப்படிப்பட்டவர் ஊரில் வந்து நின்று, கண்தான் எல்லாம், மைக்ராஸ்கோப்தான் எல்லாம் என்று பேசினால் எடுபடாது. நல்லவேளையாக நான் சொல்ல வந்ததும் வேறு. மைக்ராஸ்கோப்பில் நமக்கு என்ன தெரியப்போகிறது என்பதை, அதில் கண்ணை வைப்பதற்கு வெகு முன்பே ஒரு கை தீர்மானித்துவிடுகிறது. அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு.

நான் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டு, பிறகு லேப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். காய்ச்சல் என்று போனால் உங்களுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் அடித்த ஒரு தாள் வருகிறது. ஹீமோகுளோபின் இவ்வளவு, வெள்ளையணு இவ்வளவு, தட்டணு இவ்வளவு. தாளின் அடியில் சில சமயம் ‘பெரிஃபெரல் ஸ்மியர்’ என்று ஒரு வரி இருக்கும். மேலே உள்ள எண்களை இயந்திரம் போட்டது. அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஏன் ஸ்மியர்? ஒரு சொட்டு ரத்தத்தை அப்படியே கண்ணாடி மேல் வைத்து லென்ஸில் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. சிவப்பாக ஒரு மொத்தை. ஒரு கன மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 7, 8 மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு மைக்ரான். இவற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நசுங்காமல், ஒற்றை அடுக்காகப் படுக்கவைக்க வேண்டும். ஹாலந்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தானே தேய்த்த லென்ஸில் 1674இலேயே சிவப்பணுவைப் பார்த்துவிட்டார். துணியின் இழையை எண்ணிப் பார்க்க லென்ஸ் பிடித்துப் பழகிய கை அது என்று நெய்கிற உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரத்தத்தைக் கண்ணாடியில் மெல்லியதாக இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றிப் பார்க்கும் முறை அதன் பிறகு இருநூறு ஆண்டு கழித்துத்தான், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், பவுல் எர்லிக் போன்றவர்கள் கையில் உருப்பெற்றது.

இப்போது எப்படி இழுப்பது என்று சொல்கிறேன். முன்வரிசையில் மாணவர்கள் இருக்கிறீர்கள், கையைப் பாருங்கள்.

முதலில் கண்ணாடி. மூன்றங்குல நீளம், ஓரங்குல அகலம். புதுப் பெட்டியைப் பிரித்ததும் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. புதுக் கண்ணாடியிலும் பிசுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, ஸ்பிரிட்டில் முக்கி, நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். பிறகு ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும். நடுவில் கட்டைவிரல் பட்டால், அந்த இடத்தில் ரத்தம் ஒட்டாமல் விலகி, காய்ந்த பிறகு வட்ட வட்டமாக ஓட்டை தெரியும்.

இடது கை மோதிர விரலின் நுனியில், நடுவில் குத்தாமல் சற்றே பக்கவாட்டில் குத்துவார்கள். ஸ்பிரிட் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும். ஈரம் இருந்தால் சிவப்பணு உடையும். முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் சதை நீரும் சேர்ந்து வரும். அடுத்து தானாக ஊறி வருகிற சொட்டு, தீக்குச்சித் தலை அளவு. அதைக் கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைக்கிறோம்.

இன்னொரு கண்ணாடியை வலது கையில் எடுத்துக்கொள்கிறோம். இதற்கு ஸ்ப்ரெடர் என்று பேர். இதன் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு சின்னப் பொக்கை இருந்தாலும் ஸ்மியர் முழுக்கக் கோடு விழும். சொட்டுக்கு முன்னால் சாய்வாக நிறுத்தி, சொட்டைத் தொடும் வரை பின்னால் கொண்டுவந்து, ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ரத்தம் விளிம்பு நெடுக ஓடிப் பரவும். பரவியதும் ஒரே வீச்சில் முன்னால். அழுத்தக் கூடாது, தயங்கக் கூடாது. ரத்தத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. அது ஸ்ப்ரெடருக்குப் பின்னால் தானாகப் படிந்து வர வேண்டும், அப்போதுதான் அணு நசுங்காது. ஒரு நொடி பிடிக்காத வேலை. இதைப் பழகப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

சாய்வு 30 முதல் 45 டிகிரி வரை இருக்கலாம் என்று புத்தகம் சொல்லும். கையில் அனுபவம் உள்ளவர் சொட்டைப் பார்த்துச் சாய்வை மாற்றுவார். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் தண்ணீராக ஓடும். அதற்குச் சாய்வைக் கூட்டி, வேகமாக இழுக்க வேண்டும். பச்சிளம் குழந்தையின் ரத்தம் கெட்டியாக இருக்கும்; அதற்குச் சாய்வைக் குறைத்து, நிதானமாக. அப்படியானால், மைக்ராஸ்கோப்புக்குப் போகுமுன்னே கை ஒரு பரிசோதனையை நடத்தி முடித்துவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகளில் நன்றாக இழுக்கிறவர்கள், இழுத்த உடனேயே “சார், இவங்களுக்கு எச்.பி. கம்மியா இருக்கும்” என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

நல்ல ஸ்மியர் கண்ணாடியின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வரும். தொடக்கத்தில் தடிப்பாக இருந்து, போகப்போக மெலிந்து, நாக்கு வடிவத்தில் முடியும். ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சாய்த்தால் மெல்லிய நுனியில் நிறம் மாறி மாறி மின்னும். மயில்கழுத்துப் பட்டைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த மின்னல் தெரியும்; நெய்கிறவர்கள் ஊரில் நான் வேறு உவமை தேட வேண்டாம்.

அந்த நுனிக்குச் சற்று முன்னால், அணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடக்கிற ஒரு பகுதி உண்டு. படிக்கத் தகுந்த இடம் அதுதான். தடித்த பக்கம் போனால் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல் ஒட்டிக்கிடக்கும். ஒரேயடியாக நுனிக்குப் போனால் எல்லாம் தட்டையாகி, நடுவில் இருக்க வேண்டிய வெளிறல் போய்விடும். இல்லாத நோயை எழுதிவிடுவோம். மெதுவாக இழுத்த ஸ்மியரில் இன்னொரு வம்பு. பெரிய வெள்ளையணுக்கள் எல்லாம் இழுபட்டு நுனிக்கும் ஓரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் மட்டும் எண்ணுகிறவர் கணக்கு தப்பாகும். ரத்தப் புற்றுநோயில் வரும் முதிராத அணுக்கள் பெரியவை. அவையும் அங்கேதான் போய் ஒதுங்கும். கை சற்றுத் தயங்கியதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேர் எழுதுவது சின்ன விஷயம், ஆனால் சொல்லிவிடுகிறேன். ஸ்மியரின் தடித்த பகுதியிலேயே பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை மெத்தனாலில் கரைந்து போகும், பென்சில் போகாது. பத்துப் பேர் ஸ்லைடை ஒன்றாக மெத்தனாலில் போட்டுவிட்டு, எடுக்கும்போது எது யாருடையது என்று முழிக்கிற காட்சியை லேப்களில் பார்க்கலாம்.

இழுத்ததும் காற்றில் விசிறிக் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது லேசுப்பட்ட வேலை அல்ல. ஈரக் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணு சுருங்கி முள்முள்ளாகிவிடும். காய்ந்த பிறகு மெத்தனாலில் நிலைப்படுத்துகிறோம். இல்லாவிட்டால் அடுத்து ஊற்றும் தண்ணீரில் அணுக்கள் உடைந்துபோகும். இந்த மெத்தனாலுக்குத் தண்ணீர் ஆகாது. மூடியைத் திறந்து போட்டால் மழைக்காலக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் முக்கிய ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று குமிழி குமிழியாக ஏதோ தெரியும். புதிதாக வந்தவர்கள் மலேரியா என்று குதிப்பார்கள். அது மூடியைச் சரியாகத் திருகாததன் விளைவு.

இனிச் சாயம். நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று: மெத்திலின் புளூ, ஈயோசின். இரண்டையும் சேர்த்தால் மூன்றாவதாக ஓர் ஊதா பிறந்து, மலேரியாக் கிருமியின் உட்கருவைத் தனியாகக் காட்டுகிறது என்று 1891இல் ரஷ்யாவில் ரொமனோவ்ஸ்கி எழுதினார். இன்று உலகம் முழுக்க லேப்களில் உள்ள ரத்தச் சாயங்கள் பலவும் அந்தக் கலவையின் பிள்ளைகள். நம் ஊர் லேப்களில் அதிகம் புழங்குவது லீஷ்மன் சாயம். 1901இல் வில்லியம் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டர் உருவாக்கியது. காய்ந்த ஸ்மியர் மேல் சாயத்தை ஊற்றி ஒன்றிரண்டு நிமிஷம் விட்டு, அதைக் கொட்டாமல், மேலேயே இரண்டு மடங்கு பஃபர் நீர் சேர்த்து, ஊதிக் கலந்து, பத்து நிமிஷம் விடுவோம். மேலே பச்சையும் தங்கமுமாக ஓர் ஆடை படரும். அதைச் சாய்த்துக் கொட்டக் கூடாது, தண்ணீரை விட்டு மிதக்கவைத்து ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஆடை அப்படியே ஸ்மியரில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பஃபர் நீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 6.8 இருக்க வேண்டும்; மலேரியா தேடுவதென்றால் 7.2. நம் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், சிவப்பணுவெல்லாம் நீலம் பாரித்துச் சாம்பலாக நிற்கும், வெள்ளையணுவின் உள்விவரம் அழுந்திப்போகும். சாயம் கெட்டுப்போச்சு என்று பாட்டிலைத் தூக்கி எறிவார்கள். சாயம் நன்றாகத்தான் இருந்திருக்கும். சாயத்துக்குத் தண்ணீர் முக்கியம் என்பதைப் பட்டுக்குச் சாயம் போடுகிற ஊரில் நான் விளக்கப்போவதில்லை.

இந்த லீஷ்மனுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்து காய்ச்சலோடு திரும்பிய ஒரு சிப்பாய் இங்கிலாந்தில் நெட்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தபோது, 1900 நவம்பரில் லீஷ்மன் அவர் மண்ணீரலில் இருந்து ஸ்மியர் எடுத்தார். அதில் முட்டை வடிவச் சின்னச் சின்ன உருவங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரிய புள்ளி, ஒரு சின்னக் கோடு. என்னவென்று புரியவில்லை. இரண்டரை ஆண்டு வைத்திருந்துவிட்டு 1903 மே மாதம்தான் அச்சிட்டார். அதே உருவங்களைச் சென்னைப் பொது மருத்துவமனையில் இறந்தவர்களின் மண்ணீரலில் சார்லஸ் டோனோவன் ஏற்கெனவே பார்த்திருந்தார். டோனோவன் கல்கத்தாவில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். லீஷ்மன் கட்டுரையைப் படித்ததும், இவை பிணத்தில் அழுகலால் வந்தவையா, உயிரோடு இருக்கும்போதே உள்ளவையா என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. 1903 ஜூன் 17 அன்று, உயிரோடு இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்து ஸ்மியர் இழுத்தார். அதே உருவங்கள். காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் கிருமி அது. யார் முதலில் என்று பேச்சு கிளம்பியபோது ரொனால்டு ராஸ் இருவர் பேரையும் சேர்த்து ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று வைத்துவிட்டார். சென்னையில் இழுத்த ஒரு ஸ்மியர் இன்றும் அந்தப் பேரின் பின்பாதியில் இருக்கிறது. 

ராஸ் பேர் வந்துவிட்டது. மலேரியாக் கிருமியை அல்ஜீரியாவில் லாவரன் 1880இலேயே, சாயம் போடாத பச்சை ரத்தத்தில், அது அசைவதை வைத்துக் கண்டுபிடித்தார். கொசுவின் வயிற்றில் அதை ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20, செகந்தராபாத்தில். அதே ஆண்டு, அதற்குச் சில மாதம் முன்பு, நீலகிரியில் சீகூர் மலைச்சரிவுக்கு மலேரியாவைத் தேடிப்போய், தானே மலேரியா வாங்கிக்கொண்டு திரும்பினார். தேடியதுக்குக் கைமேல் பலன். லேப்காரர்கள் அவரை நினைக்க வேண்டிய காரணம் வேறொன்று. 1903இல் அவர் சொன்ன ‘தடித்த ஸ்மியர்’. சொட்டை இழுக்காமல், சில்லறைக் காசு அகலத்துக்குக் கலக்கிப் பரப்பிக் காயவிட்டு, மெத்தனாலில் முக்காமலேயே சாய நீரில் போடுவது. சிவப்பணு உடைந்து நிறம் வெளியேறிவிடும், கிருமி மட்டும் தங்கும். மெல்லிய ஸ்மியரைவிட இதில் இருபது முப்பது மடங்கு ரத்தத்தை ஒரே பார்வையில் தேடலாம். கிருமி இருக்கிறதா என்று தடித்ததில் பார்ப்பது, எந்த வகை என்று மெல்லியதில் பார்ப்பது. இரண்டையும் ஒரே கண்ணாடியில் போடுவார்கள்.

இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்கு ‘மலேரியாக்காரர்’ நினைவிருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீடு வீடாக வருவார், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்பார், விரலைக் குத்துவார், நாலு குளோரோகுயின் மாத்திரை கொடுப்பார், சுவரில் தேதி குறித்துவிட்டுப் போவார். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கும்போது, நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1965இல் அது ஒரு லட்சம் நோயாளிகள் என்ற அளவுக்கு இறங்கியது. டி.டி.டி. கொசு மருந்தால்தான் இறங்கியது, ஆனால் இறங்கியது என்று நமக்குத் தெரிந்தது ஸ்லைடால். பிறகு அசட்டையாக விட்டோம், 1976இல் 64 லட்சத்துக்கு ஏறியது. அதுவும் ஸ்லைடு சொன்னதுதான்.

அத்தனை ஸ்லைடுக்கும் சாயத்துக்கு எங்கே போவது? 1944இல் ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி என்ற இரண்டு இந்தியர்கள் தண்ணீரிலேயே கரையும் ஒரு சாயத்தை உண்டாக்கினார்கள். மெத்தனாலில் கரைக்க வேண்டாம், மலிவு, ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடியும். அவர்கள் பேரின் முதலெழுத்தால் அதற்கு ஜே.எஸ்.பி. என்று பேர். மலேரியா லேப்களில் இன்றும் இதுதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் அவ்வளவாகக் காணப்படாத பேர். கோடிக்கணக்கான இந்தியர்களின் ரத்தம் அதில் முங்கி எழுந்திருக்கிறது. மலேரியாக்காரரின் பெட்டியில் இருந்த ஸ்லைடுகளுக்கு எமன் வேறு விதத்தில் வருவான்: காய்வதற்கு வைத்த தடித்த ஸ்மியரை ஈயும் எறும்பும் கரப்பானும் சுத்தமாகத் தின்றுவிடும்.

இனி இந்தப் பகுதிக்குரிய ஸ்மியருக்கு வருகிறேன். இது பகலில் எடுக்க முடியாத ஸ்மியர்.

யானைக்கால் நோய் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அந்நியம் அல்ல. ஆண்டுக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லி டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்களே, அந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. அந்த நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகல் முழுக்க நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கை கால் ரத்தத்தில் கூட்டமாக வலம் வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுவே. இந்தப் புழுக்குஞ்சை மனித ரத்தத்தில் முதலில் கண்டவர் திமோதி லூயிஸ், 1872, கல்கத்தா. கொசுவோடு அதை முடிச்சுப் போட்டவர் சீனாவின் அமோயில் இருந்த பாட்ரிக் மேன்சன், 1877.

ஆகவே இரவுக் குழு. எட்டு, எட்டரைக்குக் கிளம்பி நடுநிசி வரை. கையில் டார்ச்சு, ஸ்லைடுப் பெட்டி, ஊசி, பஞ்சு. கதவைத் தட்டினால், “பகல்ல வாங்களேன், என்ன திருட்டு வேலையா பண்றீங்க?” என்று கேட்பார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பி விரலைக் குத்தினால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? அதைவிடக் கஷ்டம், “எனக்குத்தான் கால் நல்லா இருக்கே, எதிர்வீட்டு அண்ணனுக்குத்தானே வீங்கியிருக்கு, அவருக்கு எடுங்க” என்பவருக்கு விளக்குவது. கால் வீங்கியவர் ரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சு இருக்காது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் நன்றாக நடமாடுகிறவர் ரத்தத்தில்தான் இருக்கும். அவரிடமிருந்துதான் கொசு எடுத்துக்கொண்டு போகும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் இரவு வேலை பார்க்கிறவரின் கெண்டைக்காலைக் கொசு விட்டுவைப்பதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு எடுக்கும் ரத்தம் 20 கன மில்லிமீட்டர். மெல்லியதாக இழுக்காமல் மூன்று கோடாகத் தடித்துப் போடுவார்கள். இழுத்தால் புழு நுனியில் ஒதுங்கிவிடும். தவிர, இவ்வளவு ரத்தத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கலாம், கொஞ்சத்தை எடுத்தால் தப்பிப்போகும். மறுநாள் தண்ணீரில் போட்டுச் சிவப்பை வெளியேற்றி, ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றிப் பார்த்தால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். வழவழப்பாக வளைந்து, ஓர் உறைக்குள் கிடக்கும். உடல் நெடுக நீலப் புள்ளிகளாக உட்கருக்கள், வால் நுனியில் மட்டும் புள்ளி இராது. வகை பிரிப்பது அந்த வெற்று வால் நுனியை வைத்துத்தான். சாயம் போடாமல், எடுத்த உடனே பச்சை ரத்தத்தை ஒரு கவர்ஸ்லிப்புக்கு அடியில் பார்த்தீர்களானால், புழு சாட்டையடிக்கிற வேகத்தில் சிவப்பணுக்களை இடமும் வலமும் தள்ளும். ரத்தம் கொடுத்தவரையே கூப்பிட்டு ஒருமுறை காட்டிவிட்டால், மாத்திரை சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

இரவில் வர முடியாதவர்களுக்குப் பகலில் 100 மில்லிகிராம் டி.இ.சி. கொடுத்து, முக்கால் மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் புழு கலைந்து வெளியே வரும். அப்படியும் ஒரு வழி உண்டு. இப்போது விரல் ரத்தத்தை ஓர் அட்டையில் விட்டு, கோடு விழுகிறதா என்று பத்து நிமிஷத்தில் பார்க்கிற சோதனை வந்துவிட்டது. இரவுக் குழுவின் வேலை குறைந்துவருகிறது. நல்லதுதான்.

இதே புழுவின் இன்னொரு முகம். சிலருக்கு ரத்தத்தில் புழு அகப்படாது. இரவெல்லாம் இருமல், இளைப்பு, எடை குறைவு. டி.பி. என்று நினைத்து மருத்துவம் பார்ப்பார்கள். பழைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளியில் இருந்த காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940இல் அப்படிப்பட்ட நோயாளிகளை டி.பி.யிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். பிரித்துக் கொடுத்தது ஸ்மியர். ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணு, ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்தது, சாதாரணமாக நூற்றுக்கு நாலைந்து இருக்கும். இவர்கள் ஸ்மியரில் எங்கே திரும்பினாலும் அதுதான். யானைக்கால் புழுவுக்கு எதிராக உடம்பு காட்டும் மிகையான கோபம் அது என்று பின்னால் விளங்கியது, டி.இ.சி. மாத்திரைக்கே அடங்கியது.

இயந்திரம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் இயந்திரத்துக்கு எதிரி இல்லை. ஒரு நிமிஷத்தில் பல்லாயிரம் அணுக்களை எண்ணுகிறது, களைப்படைவதில்லை, பக்கத்து மேஜைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பதும் இல்லை. ஆனால் டெங்கு சீசனில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தட்டணு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் வீடே அலறுகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. ட்யூபில் எடுக்கிறார்கள். சிலருடைய ரத்தத்தில் அந்த ஈ.டி.டி.ஏ.வே தட்டணுக்களைத் திரளாக ஒட்டவைத்துவிடும். இருபது தட்டணு ஒட்டிய திரளை இயந்திரம் வெள்ளையணு என்று நினைத்து ஒதுக்கும். தாளில் 40,000 என்று வரும். ஸ்மியரை எடுத்து நேரே நுனிக்குப் போய்ப் பார்த்தால், அங்கே தட்டணு கொத்துக் கொத்தாகக் கிடக்கும். பிறகு நல்ல இடத்தில், லென்ஸில் தெரியும் வட்டம் பத்தில் தட்டணுக்களை எண்ணி, சராசரியை 15,000 அல்லது 20,000ஆல் பெருக்கினால் உண்மை நிலவரம் ஏறக்குறைய தெரிந்துவிடும். பப்பாளி இலைச்சாறு தேடி ஓடுகிறவர் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “ஸ்மியர் பார்த்தீர்களா?” என்பது.

ஸ்மியரால் முடியாததும் உண்டு. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணுக் குறை இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் கண்டறிந்தார்கள். அந்தக் குறையைப் பாதி மட்டும் சுமப்பவரின் ரத்தத்தைச் சாதாரண ஸ்மியரில் பார்த்தால் அணுக்கள் உருண்டையாக, ஒரு வம்பும் இல்லாமல் இருக்கும். ஆக்சிஜனை நீக்கினால்தான் வளையும்; அதற்கென்று வேறு சோதனை. ஸ்மியர் நன்றாக இருக்கிறது என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது.

பின்னால் மேஜையில் மூன்று மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறோம். முதலாவதில் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம்: சிவப்பணுவின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெளிறல் தெரியும். இரண்டாவதில் இரும்புச்சத்துக் குறைந்தவரின் ரத்தம்: அணு சின்னதாகி, வெளிறல் அகன்று, ஓரம் மட்டும் வளையமாக நிற்கும். பக்கத்தில் இருக்கும் சின்ன லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுவின் உட்கருவோடு அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல சிவப்பணு ஏறக்குறைய அந்த அளவு இருக்க வேண்டும். பெண்கள் இதைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள். மூன்றாவதில் பாடம் நடத்த வைத்திருக்கும் பழைய ஸ்லைடு, யானைக்கால் புழுக்குஞ்சு. செத்தது, பயம் வேண்டாம். மாணவர்களுக்கு ஓரத்தில் வெறும் கண்ணாடிகளும் ஒரு ட்யூப் ஆட்டு ரத்தமும் இருக்கின்றன. ஆளுக்கு நாலு ஸ்மியர் இழுத்துப் பாருங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன். லென்ஸ் ஏற்கெனவே எண்ணெயில் பட்டு நிற்கிறது. தெளிவாகத் தெரியவில்லை என்றால் சின்னத் திருகை மட்டும் மெள்ளத் திருப்புங்கள். பெரிய திருகில் யாரும் கை வைக்க வேண்டாம். புழு ஸ்லைடு அந்த ஒன்றுதான் இருக்கிறது.